ஆள் சேர்த்தவர் பெற்ற ஊதியம்

நம் நாட்டு ஆலைகள், இருப்புப்பாதைகள், தேயிலைத் தோட்டங்கள் ஆகியவற்றின் வரலாற்றை எழுதியோர் பலர். முதலிட்டவர் யார், இயந்திரம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நூல் நூற்கப்பட்டது, எத்துணை மைல் பாதை போடப்பட்டது என்பனவெல்லாம் அந்நூல்களில் விரிவாகக் கிடைக்கும். ஆனால் விடியற்காலையில் ஆலை வாயிலில் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்து, இன்னின்னார் உள்ளே வரலாம் என்று விரல் நீட்டிச் சொன்னவன் யார், அவ்வாறு சொன்னதற்கு அவன் பெற்ற கூலி என்ன என்பதைப் பற்றி விரித்துரைத்தோர் சிலரே. பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த குடும்பங்கள் கூடி வாழும் நம் காலனிக்கு இப்பொருள் அயலானதன்று என்று எண்ணியே இவ்வாண்டு மலருக்கு இதனை எடுத்துக்கொண்டேன்.

இன்று பெரிய நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஆள் எடுப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். அவருக்குப் பட்டம் உண்டு. தனி அறை உண்டு. ஊதிய விகிதமும் உண்டு. நிறுவனம் எவ்வளவு பெரியது, எந்நகரில் உள்ளது, அவர் எத்துணை ஆண்டு அனுபவம் உடையவர், எத்துணைப் பேருக்குப் பொறுப்பானவர் என்பனவற்றை ஒட்டி அவ்வூதியம் ஏறியும் இறங்கியும் நிற்கும். கணக்கு அவ்வளவே. நூறாண்டுகளுக்கு முன் இதே வேலையைச் செய்தவனுக்கோ பட்டமும் இல்லை, அறையும் இல்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே எழுதப்பட்ட தொகை ஒன்று. அவன் கைக்கு வந்து சேர்ந்தது மற்றொன்று. சம்பளப் பட்டியல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, பட்டியலில் ஏறாத அந்த இரண்டாவது தொகையைப் பற்றியே அறிய ஆவல் மிகுந்தது. அத்தொகை யார் பையிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இவனுக்கு இடத்துக்கு ஒரு பெயர். பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஜாபர், மண்வேலையிலும் கட்டுமான வேலையிலும் முக்காதம், கல்கத்தாச் சணல் ஆலைகளிலும் அஸ்ஸாம் தோட்டங்களிலும் சர்தார், தென்னாட்டில் மேஸ்திரி, இலங்கையிலும் மலாயாவிலும் கங்காணி. பம்பாய் ஆலைகளில் நூல் சுற்றும் பகுதியில் பெண்களே மிகுதியாக வேலை செய்தமையின், அங்கே ஆள் சேர்த்தவளும் ஒரு பெண்ணே. அவளை நாயகின் என்றழைத்தனர். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே. முதலாளிக்கு ஆள் கொண்டு வருதல், வந்த ஆளை வேலை வாங்குதல், வேண்டாத ஆளை வெளியே அனுப்புதல் ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தன.

முதலில் இருப்புப்பாதையிலிருந்தே தொடங்குகிறேன். என் பிழைப்பின்மீதுள்ள பற்று என்று அன்பர்கள் கொண்டாலும் குற்றமில்லை. பம்பாயிலிருந்து பூனாவுக்குச் செல்லும் வண்டி கர்ஜத்தைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. போர்காட் எனப்படும் அம்மலைச்சரிவில் பாதை அமைக்கும் வேலை 1856-இல் தொடங்கி 1863-இல் முடிந்தது. பதினைந்து மைலுக்குச் சற்றே மிகுந்த அத்தொலைவில் 25 குகைகள் குடையப்பட்டன. வேலை உச்சத்திலிருந்த 1861-இல் அங்கே உழைத்தோர் 42,000 பேர் என்பர். இத்துணைப் பேரையும் ஆங்கிலேய ஒப்பந்தக்காரர் நேரில் அறிந்திருக்க இயலுமா? அவர் அறிந்தவன் முக்காதம் ஒருவனே. அவன் தன் ஊரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஒரு கூட்டத்தைத் திரட்டி வருவான். பல வேலைகளுக்கு, வெட்டிய மண்ணையும் உடைத்த பாறையையும் அளந்து, அளவுக்கு இவ்வளவு என்று பணம் தரப்படும். பணம் முக்காதத்தின் கைக்கே வரும். அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு எஞ்சியதை அவன் பகிர்ந்தளிப்பான். மேலிருந்து வந்த தொகைக்கும் கீழே சென்ற தொகைக்கும் உள்ள இடைவெளியே அவனுடைய ஊதியம். 1859-இன் தொடக்கத்தில், கூலி உரிய காலத்தில் கைக்கு வராமற்போகவே, அம்மலையில் தொழிலாளர் கலகம் மூண்டது. அதே ஆண்டில் முதல் ஒப்பந்தக்காரர் பேவியல் வேலையைக் கைவிட்டார். அவருக்குப்பின் வந்த டிரெட்வெல் இந்நாட்டில் கால்வைத்த சில வாரங்களுக்குள் நோயுற்று மாண்டார். அவர்தம் மனைவி ஆலிஸ் அம்மையார் அவ்வொப்பந்தத்தைத் தாமே ஏற்றுப் பொறியாளரைக்கொண்டு முடித்துக் கொடுத்தார் என்பது போற்றத்தக்க செய்தி. ஆயினும் நம் பொருளுக்குப் புறம்பானது.

இனிப் பம்பாய் ஆலைகளுக்கு வருவோம். 1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்ஸிப் பெருமகன் நிறுவிய ஆலை 1856-இல் ஓடத் தொடங்கியது. இயந்திரத்தோடு லங்காஷயரிலிருந்து மேற்பார்வையாளரும் வந்தனர். அவர்களுக்கு மராத்தி தெரியாது; கொங்கணக் கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது. இடையே நின்றவன் ஜாபர். தொழிலாளியாய் நுழைந்து, இயந்திரத்தின் நுட்பம் அறிந்து, மேலே வந்தவன் அவன். அவனை வெறும் தரகன் என்று கொள்வது பிழையாகும். தறி நின்றால் சீர்செய்தவன் அவனே. நூல் அறுந்தால் காரணம் கண்டவனும் அவனே. ஆலை அவனுக்குத் தந்த சம்பளம் இத்திறமைக்காகவே என்று ஒருவாறு கூறலாம். ஆள் சேர்த்தலுக்கென்று தனியே சம்பளம் கணக்கிடப்பட்டதில்லை. அதனை அவனே கணக்கிட்டு வாங்கிக்கொண்டான்.

சம்பளத்திலும் இருவகை இருந்தது. நூற்புப் பகுதி ஜாபருக்குப் பெரும்பாலும் நிலையான மாதச் சம்பளம். நெசவுக்கூடத்தில் ஒரு வரிசைத் தறிகளைக் கவனித்தவனுக்கோ, அத்தறிகள் தந்த துணியின் அளவை ஒட்டிப் பல ஆலைகளில் ஊதியம் கணக்கிடப்பட்டது. ஆகவே அவன் வரிசையில் தறிகள் வெறுமனே நில்லாதிருத்தல் வேண்டும். ஒரு நெசவாளி வராத நாளில் அவன் இடத்தில் நிறுத்த வேறொருவன் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். இந்த ‘வேறொருவனே’ பத்லி. ஜாபரின் அழைப்பை எதிர்நோக்கி நாள்தோறும் காலையில் ஆலை வாயிலில் நின்ற பத்லியின் கூட்டமே அவனுடைய செல்வம்.

தஸ்தூரி என்னும் சொல்லை வடநாட்டில் வாழும் நம்மவர் அறிவர். வழக்கமாய்த் தரப்படுவது என்பது அதன் பொருள். வேலையில் சேர ஒரு தொகை. சேர்ந்தபின் பலவிடங்களில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை. ஊருக்குச் சென்று திரும்பினால் பழைய இடத்தைப் பெற மீண்டும் ஒரு தொகை. பணம் இல்லாதபோது கள்ளோ, சாராயமோ, விருந்தோ. 1931-இல் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கை இவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறது. அதில் மற்றொரு செய்தியும் உண்டு. ஜாபர் பெற்றதனைத்தும் அவன் பையில் தங்கவில்லை. தலைமை ஜாபருக்கு அவன் ஒரு பங்கு தரவேண்டியிருந்தது. மேற்பார்வை ஊழியருட் சிலரும் அப்பங்கில் பங்கு பெற்றனர் என்று சொல்லப்பட்டது. அவனுக்கு மேலே ஒரு படிக்கட்டு இருந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை நீண்டிருந்தது. நாயகினிடம் வேலை செய்த பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுள் கணவனை இழந்தோரும், பிள்ளைகளோடு தனித்து வாழ்ந்தோரும் பலர். எதிர்த்துப் பேசி வெளியேறினால் வேறிடத்தில் வேலை தேடுவது அவர்களுக்கு ஆடவரினும் அரிதாயிருந்தது.

அந்த இரண்டாவது தொகையை ஏற்றியதும் இறக்கியதும் எவை? முதலாவதாகச் சொல்லவேண்டியது ஆள் பஞ்சமும் ஆள் மிகுதியும். 1896 செப்டம்பரில் பம்பாயில் மாண்டவி பகுதியில் கொள்ளைநோய் வெளிப்பட்டது. சில மாதங்களில் நகரத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரை விட்டு ஓடினர். 1897-இல் ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. தெருமுனைகளில் தொழிலாளரை ஏலம் கூறுவதுபோல் கூலியை உயர்த்தி அழைத்தனர் என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. மாதக்கூலி மறைந்து நாட்கூலி கேட்கும் துணிவு தொழிலாளருக்கு வந்தது. அத்தகைய காலத்தில் பத்துப் பேரை அழைத்துவர வல்ல ஜாபருக்கு முதலாளியிடம் மதிப்பு உயரும். ஆனால் அவன் தொழிலாளியிடம் தஸ்தூரி கேட்க இயலாது. ஆள் மிகுந்த காலத்திலோ இது தலைகீழாயிற்று. முதல் உலகப்போர்க் காலத்துச் செழிப்பு மங்கி, 1920-க்குப்பின் ஆலைத்தொழில் தளர்ந்தபோது வாயிலில் பத்லிகள் பெருகினர். முதலாளிக்கு ஜாபரின் தேவை குறைந்தது. தொழிலாளிக்கு அவன் தயவின் தேவை மிகுந்தது. அவன் வருவாயின் ஊற்று மேலிருந்து கீழே இடம் மாறிற்று. பஞ்ச காலத்தில் முதலாளியும், மிகுதிக் காலத்தில் தொழிலாளியும் அவனுக்குக் கூலி தந்தனர் என்று சுருங்கச் சொல்லலாம்.

இரண்டாவது, ஆள் மாற்றம். ஒருவன் பத்தாண்டு ஒரே தறியில் நின்றால் ஜாபருக்குச் சேர்ப்புத் தொகை ஒருமுறைதான். ஆண்டுக்கு இருவர் மாறினால் இருமுறை. ஆளை நீக்கும் அதிகாரமும் சேர்க்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தமையால், காரணமின்றி நீக்குவதில் அவனுக்கு ஆதாயம் இருந்தது. பழகிய கை போய்ப் புதிய கை வந்தால் துணியின் அளவு குறையும். ஆகவே நெசவுக்கூட ஜாபர் இதில் சற்றே தயங்கினான் என்றும், நிலையான சம்பளம் பெற்றவனுக்கு அத்தயக்கம் வேண்டியிருக்கவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, கடன். இதனை நம் இல்லத்தரசியர் நன்கு விளங்கிக்கொள்வர். அக்காலத்தில் ஒரு மாதக் கூலி அம்மாதம் முடிந்து சில நாட்களோ இரு வாரங்களோ கழித்தே தரப்பட்டது. முதல் தேதியில் சேர்ந்த புதியவன் ஆறு வாரமளவும் கையில் காசின்றி வாழவேண்டும். அரிசியும் பருப்பும் யார் தருவார்? ஜாபர் ஒரு சொல் சொன்னால் மளிகைக்காரர் தருவார். கானாவளி என்னும் உணவு விடுதியில் சோறு கிடைக்கும். சால் எனப்படும் ஒட்டுக் குடியிருப்பில் பத்துப் பேர் படுக்கும் அறையில் ஓர் இடம் கிடைக்கும். அவ்வறையை ஜாபரே வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டதும் உண்டு. வட்டித் தொழிலும் சிலர் செய்தனர். ஆள் சேர்த்த கூலி தஸ்தூரியோடு நில்லாமல் வட்டியாகவும் வாடகையாகவும் வளர்ந்தது. 1936-இல் கூலி வழங்கல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிற்சாலையில் 7 நாட்களுக்குள்ளும், மிகுந்த தொழிற்சாலையில் 10 நாட்களுக்குள்ளும் கூலி தந்தாக வேண்டும் என்று அது விதித்தது. அச்சட்டத்தில் ஜாபரின் பெயரே இல்லை. ஆயினும் அவனுடைய வரும்படியை அது தொட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இவ்வளவும் படித்தபின் ஜாபர் ஒரு கொடுங்கோலன் என்று முடிவு கட்டுதல் எளிது. ஆனால் பிற்கால ஆராய்ச்சியாளர் அவன் நிலையின் மறுபுறத்தையும் காட்டியுள்ளனர். தன்பின் வரும் ஆட்கள் இல்லையேல் அவன் வெறும் தொழிலாளியே. ஊர்க்காரன், உறவினன், தெருவில் உடன் வாழ்பவன் ஆகியோரையே அவன் சேர்த்தான். அவர்கள் முகம் சுளித்தால் தெருவில் அவன் தலைநிமிர்ந்து நடக்க இயலாது. ஆட்கள் ஒருங்கே மற்றொரு ஆலைக்குப் போய்விடலாம். வேலைநிறுத்தத்தில் அவனைக் கைவிடலாம். மளிகைக்காரரிடம் அவன் பிணை நின்ற கடனை அடைக்காமல் ஒருவன் ஊருக்குப் போய்விட்டால் அந்தச் சுமையும் அவன்மீதே விழும். அவன் பெற்றதில் ஒரு பகுதி இவ்விடர்ப்பாட்டுக்கான விலை என்பது நியாயமே. எஞ்சிய பகுதிக்கு நான் நியாயம் காணேன்.

கல்கத்தாவின் கதையும் இதனோடு ஒத்ததே. 1855-இல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. பின்னர் ஹூக்ளியின் இருகரையிலும் ஆலைகள் பெருகின. பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் வந்தோர் சர்தாரின் நிழலில் புகுந்தனர். பஸ்தி எனப்பட்ட குடிசைப்பகுதியில் வீட்டுக்காரனும் கடைக்காரனும் பலவிடங்களில் சர்தாரே. அங்கே பெயர் பதியும் குமாஸ்தா பாபுவும் பங்கு கேட்டார். குமாஸ்தா இனத்தவனாகிய நான் இதை மறைப்பதற்கில்லை.

அஸ்ஸாமில் கணக்கு வேறு. ஆலை வாயிலில் ஆள் தானாக வந்து நின்றான். தேயிலைத் தோட்டத்துக்கோ ஆளை நூற்றுக்கணக்கான மைல் அப்பால் சோட்டா நாகபுரியிலும் பிற இடங்களிலும் தேடிப் பிடிக்கவேண்டும். அதனால் ஊதியம் தலைக்கு இவ்வளவு என்னும் கமிஷனாயிற்று. தோட்டத்தில் வேலை செய்த ஒருவனையே வழிச்செலவு தந்து சொந்த ஊருக்கு அனுப்பி, உற்றார் உறவினரை அழைத்துவரச் செய்தது சர்தார் முறை. அர்க்காட்டி எனப்பட்டவனோ தோட்டத்தை நேரில் கண்டறியாத வெறும் தரகன். ஆளை ஒப்படைத்துக் காசை வாங்கியதும் அவன் பொறுப்புத் தீர்ந்தது. வந்தவன் இருந்தாலென்ன, இறந்தாலென்ன? எனவே அவன் சொன்ன பொய்களும் எல்லை கடந்தன. சர்தாரோ மீண்டும் அதே ஊருக்குள் முகம் காட்டவேண்டியவன். அவன் நாவுக்கு அதுவே ஓரளவு கடிவாளம். 1915-இல் அஸ்ஸாம் தொழிலாளர் வாரியம் அமைக்கப்பட்டு ஒப்பந்தக்காரர்வழி ஆள் சேர்த்தல் ஒழிக்கப்பட்டது. 1932-இன் தேயிலை மாவட்டக் குடியேற்றத் தொழிலாளர் சட்டம் இம்முறையை மேலும் ஒழுங்குபடுத்தியது.

நம்மவர் கதையாகிய கங்காணிக்கு வருகிறேன். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் கங்காணியின் பின்னே சென்றனர். பெரிய கங்காணி ஒருவர். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் பலர். இவர்களுடைய ஊதியத்தின் அமைப்பு கருதத்தக்கது. நாள்தோறும் வேலைக்கு வந்து நின்ற தலை ஒவ்வொன்றுக்கும் சில சதம் என்று தலைக்காசு வழங்கப்பட்டது. தோட்டத்துரை நோக்கில் இது நல்ல ஏற்பாடு. ஆள் வந்த நாளுக்கே காசு. லயத்துக்குள் இருந்து பாருங்கள். காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து வரிசையில் நின்றால் கங்காணிக்குக் காசு. பாயில் கிடந்தால் நட்டம். மகப்பேறு கழித்த தாய் சீக்கிரம் கொழுந்துக்கூடையைத் தூக்கினால் காசு, வீட்டிலிருந்தால் நட்டம். ஒருவனுடைய ஊதியத்தை எவ்வாறு கணக்கிடுகிறோமோ அவ்வாறே அவன் கண்ணும் பார்க்கப் பழகுகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தலைக்காசுக்கு மேலே முன்பணம் என்று ஒன்று இருந்தது. ஊரில் பழைய கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் தோட்டம் கங்காணியிடம் தந்த பணம், தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. எவ்வளவு தந்தார், எவ்வளவு எழுதினார் என்பதை எழுத்தறியாத தொழிலாளி எங்ஙனம் அறிவான்? ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டுமாயின், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறும்; கட்டிய தொகை மீண்டும் அவர்கள்மீதே கடனாக ஏறும். ஆள் தேவை மிகுந்த காலத்தில் துண்டுத்தொகை வளர்ந்தது. இடமாற்றம் ஒவ்வொன்றிலும் கங்காணி கையில் ஏதேனும் ஒட்டிற்று. பெயர் பெற்ற பெரிய கங்காணிகள் ஊரில் நிலம் வாங்கியதும், மச்சுவீடு கட்டியதும் இவ்வழியில் வந்த செல்வத்தாலேயே. 1921-இல் இலங்கை அரசாங்கம் சட்டம் இயற்றித் துண்டு முறையை ஒழித்தது. மலாயாவில் கங்காணிவழி ஆள் சேர்த்தல், இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்த 1938-இல் நின்றது.

மீண்டும் பம்பாய். 1928 ஏப்ரலில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஆலைத்தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அக்டோபர் வரை ஆலைகள் ஓடவில்லை. ஆறு மாதப் பட்டினியில் பல செய்திகள் வெளிவந்தன. ஆள் சேர்க்கும் முறையும் விவாதத்துக்கு வந்தது. 1929-இல் விட்லி துரை தலைமையில் தொழிலாளர் நிலையை ஆராய ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. அவர் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் தலைவராயிருந்தவர். அக்கமிஷனில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் ஓர் உறுப்பினர். தொழிலாளர் தலைவர் என். எம். ஜோஷியும் உறுப்பினர். ஆளை எடுக்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் ஜாபரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். அவ்வேலைக்குத் தொழிலாளர் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் நேர்மையும் ஆளுமையும் தொழிலாளர் மொழியறிவும் உடையவராயிருக்க வேண்டும் என்பது கமிஷனின் கருத்து. அதாவது ஆள் சேர்த்தல் என்னும் வேலைக்கு முதன்முதலாக முதலாளியின் பெட்டியிலிருந்து வெளிப்படையான சம்பளம் தரவேண்டும் என்றனர். இதனையே இவ்வரலாற்றின் திருப்பமாக நான் கருதுகிறேன்.

திருப்பம் ஒரே நாளில் நிகழவில்லை. 1934-இல் பம்பாய் மாகாணத்தில் தொழில் தகராறு சமரசச் சட்டம் வந்தது. அதன்படி அரசாங்கத் தொழிலாளர் அதிகாரி நியமிக்கப்பட்டார். 1935-இல் ஆலை முதலாளிகள் சங்கம் பத்லி கட்டுப்பாட்டு முறையைத் தொடங்கிற்று. மாதத் தொடக்கத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்குப் பத்லிச் சீட்டு. சீட்டு வைத்திருப்போருக்கே காலியிடத்தில் முதல் உரிமை. ஜாபரின் விரலுக்குப் பதில் ஒரு துண்டு அட்டை! ஆயினும் அட்டை யாருக்குத் தருவது என்று அதிகாரி ஜாபரிடமே கேட்ட ஆலைகளும் இருந்தன. பழைய ஆறு புதுக் கால்வாயிலும் சிலகாலம் ஓடத்தான் செய்யும்.

நாடு விடுதலை பெற்றபின் வேகம் கூடிற்று. போரிலிருந்து திரும்பிய வீரருக்காக 1945-இல் திறக்கப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1948-இல் அனைவருக்கும் பொதுவாயின. அதே 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலையில் நல அதிகாரியை வைக்க வேண்டும் என்றது. அவருடைய தகுதி, கடமை, பணி நிபந்தனைகள் ஆகியவற்றை மாநில அரசாங்கமே வகுக்கலாம் என்றும் விதித்தது. சம்பளம் தருபவர் முதலாளி. நிபந்தனை வகுப்பது அரசு. நலம் பெறவேண்டியவன் தொழிலாளி. இம்மூவருக்கும் நடுவே அமர்ந்தவர் யார் பக்கம் சாய்வார் என்னும் கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் முற்றும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் தோலிவாலா என்னும் சிறு ஒப்பந்தக்காரன் கூட்டத்துக்கு வந்த கூலியை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்து வந்தான். 1948-இன் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1951-இல் பம்பாய்த் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தபின், பெயர் பதிந்த தொழிலாளிக்குப் பணி பகிர்வது வாரியத்தின் பொறுப்பாயிற்று.

ஜாபர் என்னும் பெயர் ஆலைகளில் பின்னரும் நெடுங்காலம் வழங்கிற்று. ஆனால் அவன் நாளடைவில் இயந்திரத்தைக் கவனிக்கும் மேற்பார்வையாளனாகவே எஞ்சினான். 1982 ஜனவரியில் தொடங்கிய பெருவேலைநிறுத்தத்துக்குப்பின் பம்பாய் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பரேல் வட்டாரத்தில் அவ்வாயில்கள் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன.

பதிவேட்டுக்கு வெளியே ஊதியம் பெறும் முறை மட்டும் ஆலைகளோடு மறையவில்லை. ஒரிசாவில் முன்பணம் தந்து ஆட்களைத் தொலைவிடங்களுக்கு அழைத்துச் சென்ற தாதன் முறையைக் கட்டுப்படுத்த அம்மாநிலம் 1975-இல் சட்டம் செய்தது. அதன் தொடர்ச்சியாகப் பாராளுமன்றம் 1979-இல் மாநிலங்களுக்கிடையிலான குடிபெயர் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. ஆள் சேர்க்கும்போதே மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அதனை இடப்பெயர்ச்சிப் படியாக ஒப்பந்தக்காரர் தரவேண்டும். அதனைக் கூலியில் கழித்துக்கொள்ளலாகாது என்று அச்சட்டம் விதித்தது. ஆள் சேர்ப்பவன் தொழிலாளியிடம் வாங்குவது போய், தொழிலாளிக்குத் தரவேண்டும் என்று சட்டம் சொன்னதை வியந்து படித்தேன். நடைமுறையில் அது எத்துணைப் பேர் கையில் சேர்ந்தது என்பது வேறு செய்தி.

உலக அரங்கிலும் இதே வழக்கு நடந்தது. சர்வதேசத் தொழில் நிறுவனம் கட்டணம் வாங்கும் வேலைவாய்ப்பு நிலையங்களைப் பற்றி 1933-இலும் 1949-இலும் உடன்படிக்கைகள் வகுத்தது. 1997-இன் உடன்படிக்கை, பொதுவாக வேலை தேடுவோரிடம் கட்டணமே பெறலாகாது என்றது. ஆள் வேண்டுபவர் கூலி தரட்டும் என்பது அதன் கருத்து. உயர்ந்த உத்தியோகங்களுக்கு ஆள் தேடித் தரும் நிறுவனங்களுக்கு இது முன்பே வழக்கமாயிற்று. நிறுவனம் கட்டணம் தருகிறது. சேர்ந்தவரின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு விழுக்காடாக அது கணக்கிடப்படுவதும் உண்டு. வேலைக்கு வந்தவர் தம் பையைத் தொடுவதில்லை. கொத்தனாரும் ஓட்டுநரும் வளைகுடா நாட்டுக்குப் போகும்போதுதான் முகவரின் ஊதியம் இன்னும் போகிறவர் பக்கத்திலிருந்து வருகிறது. தாலிக்கொடியை அடகு வைத்துத் தரகருக்குப் பணம் கட்டிய குடும்பங்களை நாம் அறிவோம். 1983-இன் குடியகல்வுச் சட்டத்தின்கீழ் முகவர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். சேவைக் கட்டணத்துக்கு விதிகளில் உச்சவரம்பு உண்டு. பெற்ற தொகைக்கு ரசீது தரவேண்டும் என்றும் விதி இருக்கிறது. பிள்ளைகளை அனுப்பக் கருதும் அன்பர்கள் முகவரின் பதிவு எண்ணை முதலில் கேட்டுக் குறித்துக்கொள்வதும், பணத்தைத் தருமுன் ரசீதுப் புத்தகத்தைக் கண்ணால் பார்ப்பதும் நலம்.